வரைபடத்தில் காலி இடம்

கோயம்புத்தூர்
29 ஜூன் 2025

வேனிலு,

உங்கள் விடுதியில் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று தெரிந்ததும் எல்லோரும் “ஐயோ பாவம்” என்றார்கள். நான் நேராகப் போஸ்ட் ஆபீசுக்குப் போய் இருபது உறைகள் வாங்கி வந்துவிட்டேன். கருமத்தம்பட்டியில் எட்டாவது முதல் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசித் தீர்த்தோம். இனி எழுதித் தீர்ப்போம். நீ டாக்டருக்குப் படிக்க ஈரோட்டுப் பக்கம் போய்விட்டாய். நான் வரலாறு படிக்கப் போகிறேன் என்று அடம்பிடித்ததால் நாங்கள் கோயம்புத்தூருக்கே வீடு மாறிவிட்டோம். அப்பா மட்டும் தினமும் காரில் கருமத்தம்பட்டியில் இருக்கும் எங்கள் தறிப் பட்டறைக்குப் போய் வருகிறார். உன் அப்பா அங்கே நன்றாக இருக்கிறாராம்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் வரலாற்று ஆசிரியர் வேங்கடசாமி சார் நேற்று எங்களை ரயில் பாலத்தை ஒட்டியிருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் குழி வெட்டுகிற சின்னான் என்பவர் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?” என்று சார் கேட்டார்.

“தாராளமா வாங்க. இங்க வந்தவங்க யாரையும் நான் திருப்பி அனுப்புனதில்லீங்க.”

சார் சிரிக்கவே இல்லை. நான்தான் சிரித்தேன்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? நொய்யல் மேல் ரயில் பாலம் போட வந்த ஹென்றி டால்ட்டன். முப்பத்தொரு வயதில் காலரா. பாலத்தில் முதல் ரயில் போவதைப் பார்க்கவே இல்லை. பிறகு ஆக்னஸ் விட்கோம் என்ற அம்மையார். இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர். அவர் கல்லில் தமிழில் செதுக்கியிருக்கிறார்கள்: “எழுத்துக்குக் கண் திறந்த தாயார்.” நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அவர் இல்லாவிட்டால் உனக்கு நான் கடிதம் எழுதியிருப்பேனா? அப்புறம் ஜேம்ஸ் ஹார்டி. லங்காஷயரிலிருந்து நூல் மில்லுக்கு வந்த ஸ்பின்னிங் மாஸ்டர். கல்லில் நூல் நூற்கும் கதிர் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியவர் கதிரைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, முள்ளங்கி மாதிரி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவர் கம்பவுண்டர் சாமுவேல். பெரிய கல் உள்ளவர்களில் இவர் ஒருவர்தான் நம் ஊர்க்காரர். பிளேக் வந்தபோது ஊர் ஊராக நடந்து ஊசி போட்டிருக்கிறார். ஜனங்கள் கல்லால் அடித்து விரட்டினார்களாம். கடைசியில் அவரும் பிளேக்கிலேயே போய்விட்டார்.

மொத்தம் அறுபத்தொரு கல்லறை. ஒவ்வொருவரும் பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரே வாரத்தில் இறந்த மூன்று குழந்தைகளின் வயதை நாள் கணக்கில் கணக்கிட்டேன். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.

உடனே பதில் எழுது.

அக்ஷயா


விடுதி
13 ஜூலை 2025

அக்ஷூ,

இங்கே கடிதங்களை வார்டன் மாசாணியம்மாள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். உன்னுடையதை மூன்று முறை படித்தார். “யாருடி இந்த ஹென்றி?” என்று கேட்டார். அவர் செத்து நூற்றைம்பது வருடம் ஆகிறது என்று நிரூபித்த பிறகுதான் கையில் கொடுத்தார். (வணக்கம் மேடம். இதையும் படிப்பீர்கள் என்று தெரியும்.)

காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். இயற்பியல், வேதியியல், உயிரியல், சாப்பாடு, மறுபடியும் உயிரியல். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பத்து நிமிடம் பேசலாம். அப்பாவுக்குப் போனில் பேச வராது. “சாப்ட்டியா கண்ணு?” என்பார். நான் “சாப்ட்டேன்” என்பேன். மீதி ஒன்பது நிமிடம் தறிச் சத்தம் கேட்பேன்.

நீ போன கல்லறைத் தோட்டம் எனக்குத் தெரியும். ஒரு விஷயம் கேட்க வேண்டும். பின்பக்கம் போனாயா? கம்பவுண்டர் கல்லறையைத் தாண்டினால் ஒரு வேப்பமரம் இருக்கும். அந்த மரத்துக்கும் பின்சுவருக்கும் நடுவில் போய்ப் பார். அங்கே என்ன இருக்கிறது என்று எழுது. ஏன் என்று நீ கேட்டால் சொல்கிறேன். நானாகச் சொல்ல வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு, நவம்பர் இரண்டு, ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறேன். கொடுத்தால் கோயம்புத்தூர் வருவேன்.

இளவேனில்


கோயம்புத்தூர்
17 ஆகஸ்ட் 2025

வேனிலு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. திட்டாதே. காரணத்தைக் கேட்டால் நீயே பெருமைப்படுவாய்.

முதலில் நீ கேட்டது. வேப்பமரத்துக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் புதர். வேப்பமரம் இருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது? பஸ்ஸில் போகும்போது பார்த்தாயா?

நான் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. அதோடு ஒரு வரைபடமும் வரைந்திருந்தேன். அறுபத்தொரு கல்லறைக்கும் எண் போட்டு, ஓரத்தில் யார் யார் என்று குறிப்பு. அதை ஒரு பாரம்பரியக் குழு பார்த்தது. அவர்கள் அந்த இடத்தைச் சீர்படுத்தி மக்கள் வந்து பார்க்கும்படி செய்யப்போகிறார்கள். என் வரைபடத்தைப் பெரிதாக்கி வாசலில் பலகையாக வைப்பார்களாம். கீழே என் பெயர்! பின்சுவர் ஓரத்துக்கு எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன், படம் அரைகுறையாகத் தெரிந்தது. அதனால் என் நல்ல கையெழுத்தில் ‘காலி இடம்’ என்று எழுதினேன். அதைப் பார்த்துத்தான் அங்கே நடைபாதையும் பெஞ்சும் போடலாம் என்று முடிவு செய்தார்கள்.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றிவிட்டு நாற்பது பேர் சுத்தம் செய்யப் போனோம். கற்களைத் தேய்த்துக் கழுவினோம். பிறகு பின்பக்கப் புதர். மண்வெட்டியோடு போனதும் சின்னான் ஓடி வந்தார்.

“அம்மணி, அந்தப் பக்கம் வேண்டாமுங்க. அங்க ஆளு இருக்குதுங்க.”

என் வகுப்பு சைதன்யா விடுவாளா? “எத்தன பேருங்ணா? செல்ஃபிக்கு நிப்பாங்களா?”

“சிரிக்காதீங்க கண்ணு. மெய்யாலுமே ஆளு இருக்குது. அதானுங்க செடி.”

“செடில பேயி உக்காந்திருக்குதுங்களா?” என்று இன்னொருத்தி கேட்டாள். எல்லோரும் ஊளையிட ஆரம்பித்துவிட்டார்கள். வேங்கடசாமி சார், “அவரு காலைலயே ஊத்தியிருப்பாரு போல, நீங்க வேலையப் பாருங்க” என்றார். சின்னான் வாசலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

நித்தியகல்யாணி, துளசி, பெயர் தெரியாத செடிகள் எல்லாம் கண்டபடி முளைத்திருந்தன. ஒரு செடி மட்டும் வரவே மாட்டேன் என்றது. இடுப்பு உயரம், பூவில்லை, இலை சொரசொரவென்று. நானும் சைதன்யாவும் இன்னொருத்தியும் சேர்ந்து இழுத்தோம். வேர் முழங்கை நீளம். பிடுங்கிய வேகத்தில் மூவரும் மல்லாக்க விழுந்தோம். அப்படிச் சிரித்தேன், வயிறு வலித்துவிட்டது. மொத்தம் பதினொரு மூட்டை களை. மாநகராட்சி லாரியில் ஏற்றிவிட்டோம்.

நவம்பரில் நீ வரும்போது உனக்கு நான்தான் வழிகாட்டி. ஒவ்வொரு கல்லாகக் காட்டுகிறேன்.

அக்ஷயா


விடுதி
31 ஆகஸ்ட் 2025

அக்ஷயா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நான் நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை வார்டன் படித்தாலும் பரவாயில்லை.

அறுபத்தொரு பேர் இறந்த தேதி உன் நோட்டில் இருக்கிறது. என் அம்மா இறந்த தேதி உனக்குத் தெரியுமா?

2021 மே 23. பெயர் பழனியாத்தாள். ஞானஸ்நானத்தில் ரோஸ்லின். கொரோனா. ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. நேராக அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்சுவர் ஓரம். அப்பாவை வாசல் வரைதான் விட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, வீட்டில் இருந்தேன். ஒரு மாதம் கழித்து அப்பாவும் நானும் போனோம். சின்னான்தான் இடத்தைக் காட்டினார். மண் மேடு மட்டும் இருந்தது. கல் வைக்கிறவர்கள் கல் வைப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் தலைமாட்டில் ஒரு செடி வைப்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செடி. அதைப் பார்த்துத்தான் யார் எங்கே என்று தெரியும்.

நான் வைத்தது டிசம்பர் செடி. எங்கள் வீட்டு வாசலில் இருந்த ஊதா டிசம்பரிலிருந்து கிளை ஒடித்துக் கொண்டுபோய் நட்டேன். அம்மா கார்த்திகை மார்கழியில் அந்தப் பூவைத்தான் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும். அது ஆகஸ்டில் பூக்காது. வெறும் இலைதான். இலை சொரசொரவென்று இருக்கும்.

நீ விழுந்து சிரித்தது என் அம்மாவின் தலைமாட்டில்.

மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். எங்கம்மா செத்தது உனக்குத் தெரியும். எங்கே புதைத்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாயா? போன கடிதத்தில்கூட, ஏன் என்று கேட்டால் சொல்கிறேன் என்று எழுதினேன். நீ கேட்கவில்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்தாயா என்று எழுதியிருக்கிறாய்.

இளவேனில்


கோயம்புத்தூர்
7 செப்டம்பர் 2025

இளவேனில்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தொடங்கிவிட்டேன்.

நேற்று உன் கடிதம் வந்ததும் பள்ளிக்குப் போகாமல் நேராக அங்கே போனேன். பின்பக்கம் முழுவதும் ஜேசிபி வைத்து நிரவியிருக்கிறார்கள். ஜல்லி கொட்டிக் கல் பதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேடு பள்ளம் எதுவும் இல்லை. வேப்பமரம் மட்டும் நிற்கிறது. சின்னான் அதன் அடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“எந்தச் செடிங்க அம்மணி?”

“டிசம்பருங்க. தறிக்காரர் பிரான்சிஸோட சம்சாரம்.”

“டிசம்பரு ரெண்டு இருந்துச்சுங்க. ஒண்ணு ரயில்வே பங்காரு சம்சாரம், ஒண்ணு தறிக்காரரு சம்சாரம். ரெண்டும் அந்த வருசந்தான். செடி நின்னா நான் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இப்ப என்னத்தைச் சொல்லட்டுமுங்க?”

“சுமாராவாவது தெரியாதுங்களா?”

“பதினாலு பேரு கெடக்கறாங்க. இப்படிக் கை காட்டுனா நாலு பேரு மேல காட்டுவேன். அது தப்புங்க.”

நான் அழுதேன். அவர் அதட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “ஆளு இருக்குதுன்னு நாஞ்சொன்னனே அம்மணி” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் பேய் எங்கே இருந்தது? ஆள் இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம். நாங்கள்தான் ஊளையிட்டோம்.

லாரி போன இடத்தை விசாரித்தேன். குப்பைக் கிடங்கில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டதாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் எங்கள் வீட்டில் அப்பா போனில் பேசியது இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. “பிரான்சிஸு ஊட்டுல பொம்பள போயிருச்சாம். அவன் தறி நாலும் நிக்குது.” நான் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அதுகூட ஞாபகம் இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க

(இந்த வரியை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.)

அக்ஷயா


விடுதி
14 செப்டம்பர் 2025

மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதை வைத்து நான் என்ன செய்வது? இடம் வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதிக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது? அதைக் கண்டுபிடி. உனக்குத்தான் தேடத் தெரியுமே.

இளவேனில்


கோயம்புத்தூர்
5 அக்டோபர் 2025

இளவேனில்,

மூன்று வாரமாகத் தேடினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பாரம்பரியக் குழுவின் தலைவி நல்லவர். காபி கொடுத்தார். ‘காலி இடம்’ என்று நான் எழுதியது தவறு, அங்கே பதினான்கு பேர் இருக்கிறார்கள், வேலையை நிறுத்துங்கள் என்றேன். அவர் வருத்தப்பட்டார். பிறகு கேட்டார்: “அதுல யாராவது முக்கியமானவங்களாம்மா?”

என் கட்டுரையின் தலைப்பே ‘நம் மண்ணில் உறங்கும் முக்கியமானவர்கள்’.

கற்கள் பதித்து முடிந்துவிட்டன, இனி எடுக்க முடியாது என்றார்கள். பலகையில் அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் அழித்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். உன் அம்மாவின் பெயர் இருக்கிறது. இடம் என்ற கட்டத்தில் ‘பின்சுவர் ஓரம்’. பதினான்கு பேருக்கும் அதேதான்.

போன ஞாயிறு உன் அப்பா வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. நான் அளக்கும் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் “ஏனுங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். எனக்காகவா, அந்த இடத்துக்காகவா என்று தெரியவில்லை.

வேப்பமரத்திலிருந்து ஒன்பது தப்படி என்று அவருக்கு ஞாபகம். நடந்து பார்த்தார். ஒரு முறை பெஞ்சின் காலடியில் வந்து நின்றார். இன்னொரு முறை நடைபாதையின் நடுவில். மூன்றாவது முறை சுவரில் போய் முட்டினார். “அன்னிக்கு அழுதுட்டே நடந்தேனுங்க, தப்படி சிறுசா இருந்திருக்கும்” என்றார்.

நான் அழ ஆரம்பித்ததும், “உடுங்க அம்மணி. தெரியாமப் பண்ணிப்போட்டீங்க. ஆனா எடம் கெடைக்கலைன்னு எங்க புள்ளைக்கு மட்டும் எழுதிப்போடாதீங்க. அப்புறம் அது படிக்காது” என்றார். என் வயதுப் பெண்ணுக்கு அப்பா அவர். என்னை நீங்க வாங்க என்கிறார்.

எழுத வேண்டாம் என்று சொன்னதையும் எழுதிவிட்டேன். உன்னிடம் இன்னொன்றையும் மறைக்க என்னால் முடியாது. இடம் கிடைக்கவில்லை.

அக்ஷயா


விடுதி
12 அக்டோபர் 2025

அக்ஷயா,

லீவை ரத்து செய்யச் சொல்லி வார்டனிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வந்து எங்கே நிற்பது? பெஞ்சின் காலடியிலா, பாதையின் நடுவிலா? மற்றவர்கள் எல்லோரும் அவரவர் ஆளிடம் போய் நிற்பார்கள். நான் ஹென்றி டால்ட்டனிடம் நிற்கட்டுமா?

இந்த மாதத் தேர்வில் இரண்டு விடைத்தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். எதைப் படித்தாலும் வேர், தண்டு, இலை என்றே கண்ணில் படுகிறது. அப்பாவிடம் பேசும்போது நானும் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை. பத்து நிமிடமும் தறிச் சத்தம்தான்.

டாக்டராகி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. அம்மாவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து வீட்டுக்கே போய்விடலாம் என்று இருக்கிறது.

இளவேனில்


கோயம்புத்தூர்
19 அக்டோபர் 2025

வேனிலு,

லீவை ரத்து செய்யாதே! இடம் கிடைத்துவிட்டது!

மழை பெய்ததில் வெட்டிப்போன வேரிலிருந்து செடி துளிர்த்து வந்திருக்கிறது. டிசம்பர் செடிதான், சந்தேகமே இல்லை, இலை சொரசொரவென்று இருக்கிறது. பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரம் கல் பதிக்காமல் ஒன்றரை அடி மண் விட்டிருக்கிறார்கள், அங்கே. சின்னானும் பார்த்தார். வேப்பமரத்திலிருந்து அளந்தேன், உன் அப்பாவின் ஒன்பது தப்படிக்குச் சரியாக வருகிறது. உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மொட்டுக்கூட விட்டிருக்கிறது.

படி. சாப்பிடு. வா. நான் அன்றைக்கு அங்கே இருக்க மாட்டேன், உனக்குச் சங்கடம் வேண்டாம்.

அக்ஷயா


விடுதி
9 நவம்பர் 2025

அக்ஷயா,

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் இரண்டு காலையில் ஈரோட்டிலிருந்து ரயிலில் வந்தேன். அப்பா ஸ்டேஷனில் நின்றிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, ஒரு பாட்டிலில் தண்ணீர் எல்லாம் பையில் இருந்தன. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. “செடி தானா வந்துருக்குது பாரு கண்ணு. உங்கம்மா உடுவாளா?” என்று நாலைந்து முறை சொன்னார்.

வாசலில் உன் பலகையைப் பார்த்தோம். அப்பா உன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, “நம்ம மொதலாளி புள்ள” என்றார்.

பெஞ்சில் ஒரு குடும்பம் உட்கார்ந்து கம்பவுண்டர் சாமுவேலைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து நகர்ந்து கொடுத்தார்கள். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனோம். செடி இருந்தது. முழங்கால் உயரம். மூன்று பூ பூத்திருந்தது.

வெள்ளை.

அக்ஷயா, நான் உனக்கு எழுதியிருந்தேன். ஊதா என்று எழுதியிருந்தேன். நீ இதை வாங்கிய நர்சரியில் ஆகஸ்டு மாதிரியே அக்டோபரிலும் இலைதான் இருந்திருக்கும், என்ன நிறம் என்று நீ கேட்டிருக்க மாட்டாய். நீ எதையும் கேட்பதில்லை. குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். நாற்றுப் பையின் கறுப்புப் பிளாஸ்டிக் ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தது. அதை அப்பா பார்ப்பதற்கு முன்னால் கையில் சுருட்டிக்கொண்டேன்.

ஆனால் அப்பாவும் பூவைப் பார்த்துவிட்டார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சின்னான் பின்னால் நின்றிருந்தார்.

“இதானா சின்னான்?”

“அந்தப் புள்ள அப்படித்தானப்பா சொல்லுச்சு” என்று சின்னான் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஊதாவல்ல கண்ணு வெச்சோம்? மண்ணு மாறுனா பூ மாறுமா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கையில் மெழுகுவர்த்தி இருந்தது. நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அதை அவர் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார்.

“மாறும்ப்பா. ஜல்லி கொட்டுனா மண்ணு மாறிரும். அப்பப் பூவும் வெளுத்துரும். பாட்டனியில படிச்சிருக்கேன்” என்றேன்.

“நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியும்” என்றார். பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்து அழுதார். அந்தச் செடியை நட்ட நாளுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் என் மார்க்கையெல்லாம் சொன்னார். அந்த இரண்டு வெறும் தாளைச் சொல்லவில்லை.

நானும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். யாருடைய தலைமாட்டில் ஏற்றினேன் என்று எனக்குத் தெரியாது. ரயில்வே பங்காருவின் மனைவியாக இருக்கலாம். யாரும் இல்லாத மண்ணாகவும் இருக்கலாம். ஜெபம் சொல்லவில்லை. அம்மா என்று கூப்பிட்டால் எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது? பெஞ்சில் இருந்த குடும்பத்தின் குழந்தை, “இங்க யாரு இருக்காங்க?” என்று அதன் அம்மாவிடம் கேட்டது. அந்த அம்மா உன் பலகையின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இங்க ஒண்ணும் போடலையே சாமி” என்றார்.

நீ எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். நான் படிக்க வேண்டும் என்றுதான். நான் படிக்கிறேன். வேறு என்ன செய்ய? ஆனால் உன்மேல் இருந்த கோபத்தையாவது நான் முழுசாக வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் வைத்துக்கொள்ள முடியாது. நீ என்னிடம் சொன்ன பொய்யை நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இனி அது என்னுடையது.

அப்பா இனிமேல் மாதம் ஒரு ஞாயிறு அங்கே வரப்போகிறாராம். எனக்கு இங்கிருந்து வர முடியாது. சின்னானுக்கு முதுகு சரியில்லை. குழாய் வாசல் பக்கம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் நீ போய் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்று. வெயில் காலத்தில் தினமும் ஊற்று. பட்டுப்போனால் அப்பா வருவதற்குள் வேறொன்று வாங்கி வை. வெள்ளையாகப் பார்த்து வாங்கு.

எனக்குக் கடிதம் எழுதாதே.

இளவேனில்